இரும்பு செய்யாத வேலை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. ஒரு கதை சொல்கிறேன். இனிக்காது, ஆனாலும் கேளுங்கள்.

ஒரு வேதியியல்காரி இருந்தாள். அவளுக்கு இரும்புக்காரி என்றே பட்டப்பெயர். மருந்து மூலக்கூறுகளைக் கோக்க எல்லோரும் பல்லேடியம் என்ற விலை கூடிய உலோகத்தை வினையூக்கியாகப் போட, அவள் மலிவான இரும்புச் சேர்மத்தைப் போட்டே கோத்துக் காட்டினாள். பன்னிரண்டு வருடப் புகழ், ஒரு பெரிய பரிசும்கூட. கட்டுரைகளில் அவளோடு தம்பியின் பெயரும் இருக்கும். அடுத்த வாரம் அவனுக்குப் பேராசிரியர் பதவி நேர்காணல்.

குடுவைக்குள் சுழன்று கலக்குமே, காந்தக் குச்சி, அதில் ராசியானது என்று ஒன்றையே வைத்திருந்தாள். அன்று அது கழுவுவதற்காக அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்ததால் புதிய குச்சியைப் போட்டாள். வினை நடக்கவில்லை. மூன்று முறை செய்தும் நடக்கவில்லை. கடைசியில் இரும்பே போடாமல் பழைய குச்சியை மட்டும் போட்டாள். நடந்தது.

குச்சியின் வெள்ளை உறையில் கறுப்புக் கீறல்கள். என்றோ செய்த சோதனையின் பல்லேடியம், எந்த அமிலத்துக்கும் அசையாமல் அங்கே ஒட்டிக் கிடந்திருக்கிறது.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?” என்று வந்தான் தம்பி.

“இரும்பு ஒண்ணுமே செய்யலடா. எல்லாம் இந்தக் குச்சி பண்ணினது.”

“அப்போ பரிசை அதுக்கில்ல குடுத்திருக்கணும்!” சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “ஒரே ஒரு வாரம் வாயைத் திறக்காதேக்கா. என் வயித்துல அடிச்சிடாதே.”

“வேற ஊர்லேருந்து ஒரு பொண்ணு எழுதினா. மூணு வருஷமா உங்க இரும்பு வினையைச் செய்யறேன், வரவே மாட்டேங்குதுன்னு. உன் கை சுத்தமில்லைன்னு பதில் போட்டேன்டா. அவ ஆராய்ச்சியையே விட்டுட்டுப் போயிட்டா.”

“முகம் தெரியாதவளுக்காகக் கூடப்பிறந்தவனைக் குழியில தள்ளுவியா?”

அவள் எழுந்துபோய்க் கணினியைத் திறந்தாள். கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அன்றே இதழுக்கு எழுதினாள். ‘பிழை என்னுடையது, தம்பிக்கு இதில் பங்கில்லை’ என்றும் எழுதினாள். அந்த வரியை யார் படித்தார்கள்? பதவி வேறொருவருக்குப் போனது. அவளுடைய ஆய்வகத்தையும் பூட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை.

அம்மா இறந்தபோது தம்பி வந்தான். உடலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். “சாப்பிட்டியாடா?” என்றாள். அவன் தலை நிமிரவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உண்மை சொன்னவருக்கும் ஒரு தட்டு வைக்கப்படட்டும். உடன்பிறந்தவர்கள் ஒருவர் கேட்டால் ஒருவர் பதில் சொல்லட்டும். நல்லா இருங்கள்.