குச்சி கேட்ட கேள்வி

ஒன்பதாம் வகுப்புக்கு இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் எடுப்பவள் அந்த டீச்சர். டிசம்பர் மாத அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரம் அவள் எடுக்கும் பாடம் எப்போதும் ஒன்றுதான். விக்டோரியா ராணி காலத்துப் பண்டிகைக் கதை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஒரு கஞ்சன் ஒரே ராத்திரியில் மனம் திருந்தி, விடிந்ததும் தன் குமாஸ்தாவின் பிள்ளைகளுக்காக உருகுவான். கதைக்கு முன்னால் கதாசிரியரை அறிமுகப்படுத்துவாள். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலையில் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டப் போனவர், பிற்காலத்தில் மேடையேறி வாசித்தால் மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று அவள் சொல்லும்போது கடைசி பெஞ்சும் வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

இந்த வருடம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அந்தக் கதையை எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஹால்லயே வெச்சிடலாம் டீச்சர். பேசறதுக்கு உங்க..." என்று ஆரம்பித்தவள் சற்று விழுங்கி, "சாரைக் கூப்பிட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. அவர் பேரைச் சொன்னாத்தான் பேரன்ட்ஸ் வருவாங்க" என்றாள்.

சார் என்பது டீச்சரின் கணவர். இதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போதைய தலைமையாசிரியை அவரிடம் படித்தவள். ஓய்வுக்குப் பின் குடும்பம், பாசம் என்று மேடை மேடையாகப் பேசி ஊரெல்லாம் பேர் வாங்கினார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போய் வேறொருத்தியோடு குடியிருக்கிறார். போனதைக்கூட டீச்சர் தாங்கிக்கொண்டாள். 'அவளுக்கு மனசு சரியில்ல, நானும் எத்தனை வருஷம்தான் பொறுத்துக்கறது' என்று சொந்தபந்தம் ஒன்று விடாமல் ஃபோன் போட்டுச் சொன்னாரே, மகனும் அதை நம்பினானே, அதுதான் ஆறவில்லை.

அன்று சாயங்காலமே அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"அந்தக் கதைக்கு நீ குறிப்பு எழுதி வெச்சிருப்பியே. ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

"அது என் நோட்டு."

"எனக்காகவா கேக்கறேன்? பள்ளிக்கூடத்துக்கு."

அனுப்பிவிட்டாள். வேலை இன்னும் மூன்று வருடம் பாக்கி. முறைத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

அதே வாரம் வகுப்பில் ஒரு பெண் வந்து நின்றாள். ஒட்டடைக்குச்சி போல நெடுநெடுவென்று இருப்பாள், குச்சி என்றே கூப்பிடுவார்கள். கதாசிரியரைப் பற்றி இன்னும் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நூலக அலமாரியிலிருந்து தடிமனான வாழ்க்கை வரலாற்றை டீச்சரே எடுத்துக் கொடுத்தாள். "முழுசாப் படி. பாதியில விட்டுடாதே" என்று சொல்லியும் அனுப்பினாள். அதைச் சொல்லும்போது மனதில் என்ன இருந்தது என்று பிற்பாடு அவள் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

விழா நாளில் ஹால் நிரம்பி வழிந்தது. சார் பேசினார். டீச்சர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவாளோ அதே இடத்தில் தாழ்த்தினார். முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினாள். பேசி முடித்து, "கேள்வி இருந்தா தைரியமாக் கேளுங்க" என்றார்.

குச்சி எழுந்தாள்.

"சார், இந்தக் கதை எழுதினவரோட மனைவி பத்துக் குழந்தை பெத்தவங்க. அவங்களைப் பிரிஞ்சு போக வெச்சுட்டு, தன் மேல தப்பே இல்லைன்னு அவரோட பத்திரிகையிலயே எழுதினாராம். வீடு, குடும்பம்னு இவ்வளவு அழகா எழுதினவர் ஏன் சார் அப்படிப் பண்ணினார்?"

சார் வீட்டுக் கதை அவளுக்கு ஒன்றும் தெரியாது. படித்ததைக் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் ஆசிரியர்கள் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நாலைந்து தலைகள் டீச்சர் பக்கம் திரும்பின.

அவர் சிரித்தார். "பெரியவங்க எழுத்தைப் பாரும்மா. அடுத்தவங்க வீட்டை எட்டிப் பாக்கறது நல்ல பழக்கமில்ல."

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. குச்சி முகம் கருத்து உட்கார்ந்தாள்.

விழா முடிந்ததும் தலைமையாசிரியையின் அறையில் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டீச்சரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"தானா வந்த கேள்வி இல்ல அது. சொல்லிக் குடுத்து வந்தது" என்றார் அவர்.

"நான் சொல்லிக் குடுக்கல."

"அந்தப் புத்தகத்தை அவகிட்ட யாரு குடுத்தது?" என்று கேட்டாள் தலைமையாசிரியை.

ஒரு வார்த்தை. 'நான்தான்' என்றால் முடிந்தது. இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

"அவளே எடுத்திருப்பா" என்றாள் டீச்சர்.

"அப்ப அவகிட்ட சாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிடுங்க. நீங்களே உக்கார வெச்சு வாங்குங்க."

காலி வகுப்பறையில் குச்சி பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் கேட்டது தப்பா மிஸ்?"

"எழுதும்மா."

"புத்தகத்தை நானே எடுத்தேன்னு சொல்றாங்க. நீங்கதானே மிஸ் குடுத்தீங்க?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்ப அதெல்லாம் எதுக்கு? நாலு வரி எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

குச்சி கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது, பிழை ஒன்றுகூட இல்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, நன்றி மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது குச்சியின் அப்பா வந்து அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தார். வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம் அந்தப் பெண் ஒதுங்கி நின்று வணக்கம் சொல்கிறாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்த வணக்கத்துக்குப் பயந்துதான் டீச்சர் இப்போதெல்லாம் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வகுப்புக்குப் போகிறாள்.