ரிவிட் குழியில் குங்குமம்

தங்கவேலு சந்தேகப்படாமல் எதையும் வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. முட்டையைக்கூடக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் லொறியின் செத்துப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானில் எங்கேயோ ஓடிய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தச் சொன்னதே பெரிய காரியம். வேறு வழி இல்லை. நோர்வூட் பக்கத்துச் சின்னக் காணிக்காரர்களின் தேயிலைக் கொழுந்தை ஃபெக்டரிக்கு ஏற்றுகிற வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது.

பொருத்துகிறவன் துஷாந்த், மனைவி பேச்சியம்மாவின் ஒரே தம்பி. ஹட்டனில் வேலை பழகியவன், போன வருஷம்தான் நோர்வூட் ரோட்டோரத்தில் தகரத்தைப் போட்டுச் சொந்தக் கராஜ் திறந்திருந்தான். லொறிக்காரர்கள் இன்னும் எட்ட நின்றுதான் வேடிக்கை பார்த்தார்கள். சொந்த மச்சானின் வண்டி சுமையோடு மலையேறினால்தான் மற்ற வண்டிகள் அவனிடம் வரும். ஏறாவிட்டால் அந்தத் தகரத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

எஞ்சினோடு ஒரு பழைய கிளச் பிளேட்டும் சேர்ந்து வந்திருந்தது. "அதான் கூடவே வந்திருக்கே, அதையே மாட்டிவிடு மாப்ள" என்றார் தங்கவேலு.

துஷாந்த் அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "பாருங்க மச்சான், தேஞ்சு ரிவிட்டுத் தலை தெரியுது. இந்த எஞ்சின் இழுக்கிற இழுப்புக்கு இது தாங்காது. நீங்க கொழுந்து நிறுக்கிற ஒவ்வொரு மடுவத்துலயும் மேட்டுலயே நிப்பாட்டி மேட்டுலயே எடுக்கணும். பெரிய பிளேட்டாப் புதுசு போடுங்க. ஹட்டன்ல நாகரத்தினம் கடையில நல்ல சாமான் இருக்கு."

நாகரத்தினம் கடை! போன வாரம்தான் இவனும் அந்த நாகரத்தினமும் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நின்று பிளேன்டீ குடித்துச் சிரித்துக்கொண்டிருந்ததைத் தங்கவேலு கண்ணால் பார்த்தார். என்ன சிரிப்பு அப்படி?

ஹட்டனுக்குப் போனவர் முதலில் வேறு இரண்டு கடைகளில் ஏறினார். ஒரு கடையில் பிளேட் தகரம் மாதிரி லேசாக இருந்தது. இன்னொன்றில் கையால் ஆட்டியதுமே ஸ்பிரிங்குகள் கலகலவென்று ஆடின. கடைசியில் நாகரத்தினம் கடைக்கே போக வேண்டியதாயிற்று.

"வாங்க, வாங்க! துஷாந்த் தம்பி சொல்லிச்சு, எடுத்து வச்சிருக்கேன்."

ஆகா, பேசி வைத்திருக்கிறார்கள்! ஆனால் பிளேட் கனமாக இருந்தது. ஸ்பிரிங் அசையவில்லை. நகத்தால் சுரண்டினாலும் லைனிங் உதிரவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒரு குறையும் அகப்படாததே அவருக்கு என்னவோ போல் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தார்.

வரும் வழியில் கராஜில் இறங்கி, பழைய பிளேட்டைத் தரச் சொன்னார். "அது இங்கேயே கெடக்கட்டும் மச்சான், அளவு பாக்க வேணும்" என்றான் துஷாந்த்.

அளவாம்! லிந்துலையில் ஒருவனுக்குப் புது பம்பைக் காட்டிவிட்டுப் பழசையே கழுவி மாட்டி அனுப்பிய கதை தங்கவேலுவுக்குத் தெரியாதா? பழசு வண்டிக்குள்ளே, புதுசு மறுபடி நாகரத்தினம் கடைக்கு! அன்று ராத்திரி அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

பேச்சியம்மா பிளேட்டைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, தங்கவேலு குங்குமத்தை எடுத்துக் கொஞ்சம் கிரீஸோடு குழைத்தார். தீக்குச்சியால் பிளேட்டின் ரிவிட் குழிகள் நாலைந்தில் அதை அடைத்து, மேலே தெரியாதபடி உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தும் விட்டார். இனி மாற்றிப் பார்க்கட்டும். வண்டியைத் திறந்தால் எது யாருடைய பிளேட் என்று குங்குமமே சொல்லிவிடும். நிம்மதியாகத் தூங்கினார்.

துஷாந்த் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபின் வெறும் லொறியாக ஓட்டிப் பார்த்தபோது வண்டி பூ மாதிரி போனது. திங்கட்கிழமை சுமையோடு மேட்டில் எடுத்தார். எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தார், இன்னும் கத்தியது. கருகல் நாற்றம் கேபினை நிறைத்தது. கொழுந்து சாக்குகள் வெயிலில் சூடேறத் தொடங்க, காணிக்காரர்கள் திட்டிக்கொண்டே அவற்றை வேறு லொறியில் மாற்றினார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து கராஜ் வாசலில் விட்டார்கள். அன்றைக்கென்று முதல் தடவையாகத் தனுஷன் என்ற லொறிக்காரர் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கூட இன்னும் மூன்று பேர். அவ்வளவு பேருக்கும் முன்னால் தங்கவேலு கத்தினார்.

"புதுசை யாருக்குடா வித்த? அக்கா புருஷன் வண்டியிலேயே கைய வச்சிட்டியேடா, திருட்டுப்பயலே!"

துஷாந்தின் முகம் செத்துவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்தான். எல்லாரும் பார்த்திருக்க கியர் பொக்ஸை இறக்கி, பிளேட்டை உருவினான். லைனிங் எண்ணெய் ஊற்றினாற்போல் மினுங்கியது. விரலால் தடவி முகர்ந்து பார்த்தான்.

"கிரீஸ்" என்றான் மெதுவாக. "புதுசுதான் மச்சான், நீங்க வாங்கினதேதான். ஆனா மாட்டறப்ப எங் கை கிரீஸ் பட்டிருக்கு போல. சூட்டுல உருகி, பிடிப்பே போச்சு. எந் தப்புதான். எல்லாரும் இருக்கையிலேயே சொல்றேன், மன்னிச்சிருங்க."

ரிவிட் குழிகளைச் சுற்றி மங்கிய சிவப்பு இழுத்திருந்தது. அவன் அதைத் துரு என்று நினைத்தானோ என்னவோ. அது குங்குமம் என்று தங்கவேலுவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் போதும், விஷயம் இத்தோடு முடிந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

தனுஷன் தன் லொறியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். பிளேட்டில் கிரீஸ் பூசுகிற மெக்கானிக் பாஸிடம் யார் வண்டியை விடுவார்கள்?

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்கய்யா!" தங்கவேலு ஓடிப்போய் லொறிக் கதவைப் பிடித்தார். "அது நான் வச்ச கிரீஸு! பிளேட்ட மாத்திருவான்னு பயந்து குங்குமத்தக் கொழைச்சு நாந்தான் குழியில அடைச்சேன். இவன் மேல தப்பில்ல!"

ஒருவர் கெக்கெக்கே என்று ஆரம்பிக்க, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கிளச்சுக்குப் பொட்டு வச்சிருக்காரு பாரு!" தனுஷனும் சிரித்தபடியே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். தங்கவேலுவும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தார். அவமானம் போனால் போகட்டும், பையன் பிழைத்தான்.

துஷாந்த் மட்டும் சிரிக்கவில்லை. "நான் திருடுவேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டான்.

மறுநாள் அவரே போய் அதே கடையில் அதே மாதிரிப் பிளேட்டை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை அதைப் பொருத்தி முடிகிறவரை கராஜ் பக்கம் தலைகாட்டவில்லை. சாயங்காலம் சுமை ஏற்றி மேட்டில் எடுத்தபோது லொறி முனகாமல் ஏறியது. திரும்பி வந்தபோது கராஜில் தனுஷன் லொறிக்குப் பின்னால் இன்னொரு வண்டியும் நின்றது. தங்கவேலுவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"அக்கா கோழி அடிச்சிருக்கா மாப்ள. கையக் கழுவிட்டு வா, ஒண்ணாப் போவோம்."

துஷாந்த் தங்கவேலுவின் லொறி சீட்டுக்கடியில் கிடந்த தன் ஸ்பேனரைக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"வேலை கெடக்கு. நீங்க போங்க, முதலாளி."