சமையல்காரன் குனிந்த காட்சி

ஸ்டூடியோவில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரையே சிரிக்க வைக்கும் வசனம் எழுதுகிற மனுஷன், பல்வலிக்காரரைப் போல உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் மனைவி. இருவரும் சேர்ந்து எழுத, வருஷக்கணக்காக ஓடும் கப்பல் அனிமே கார்ட்டூன் தொடரில் சண்டை, சாவு, கண்ணீர் எல்லாம் அந்த அம்மாளின் கைவரிசை. ஆனால் நேரில் எதற்கெடுத்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இந்த வாரம் கப்பல் கேப்டன் சாக வேண்டும். இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"போன தடவை வில்லன் கத்திய உருவுற நேரத்துல உங்க ஜோக் வந்து மொத்தத்தையும் கெடுத்துடுச்சு சார். இந்தப் பகுதி ஜோக் இல்லாம போகட்டும். நல்லா வந்துச்சுன்னா, அடுத்த சீசன்ல காமெடிக்குன்னு தனி ஆள் வேண்டாம்னு இருக்கேன்."

உம்மணாமூஞ்சி ஒரே ஒரு ஜோக்கையாவது காப்பாற்றிவிடத் துடித்தார். கப்பலில் ஒரு நெட்டைச் சமையல்காரன் உண்டு. சமையலறை வாசலோ குட்டை. அவன் நுழையும்போதெல்லாம் கேப்டன் "தலை" என்று கத்துவார், அதற்குள் இடித்திருப்பான். முதல் பகுதியிலிருந்து இதே கூத்து. உண்மையில் அது உம்மணாமூஞ்சியின் வீட்டுக் கதை. மனைவி சமையலறைச் சுவர் அலமாரிக் கதவைத் திறந்து போட்டுவிடுவார், இவர் முட்டிக்கொண்ட பிறகு சாவகாசமாக "தலை" என்பார்.

"அது மட்டும் இருக்கட்டுமே" என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"கேப்டன் செத்த அன்னிக்கு அவன் போய் முட்டிக்கறதா? உயிரைக் கொடுத்து எழுதியிருக்கேங்க. என் சாவுல வந்து கிச்சுகிச்சு மூட்டாதீங்க."

"அப்ப என் வேலை போனா போகட்டும்கற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். இருந்தாலும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீட்டிலும் பேச்சுவார்த்தை நின்றது.

மறுநாள் காலை டீ போட சமையலறைக்குப் போனார். அலமாரிக் கதவு வழக்கம்போல் ஆவென்று திறந்து கிடந்தது. மனைவி மேஜையருகே ரொட்டியைக் கடித்துக்கொண்டு இவரையே பார்த்தார். இவர் ஒரு நொடி நின்றார். வழக்கமான "தலை" வரவில்லை. தானாகவே குனிந்து கதவைத் தாண்டினார். அப்போதுதான் பாழும் மனசு கனத்தது. இவள் இல்லாமல் போனால் இனி இப்படித்தானே குனிய வேண்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பிலேயே நிமிர்ந்தார். அடுத்த அலமாரிக் கதவும் திறந்துதான் இருந்தது. ணங்.

மனைவிக்கு ரொட்டி புரையேறிவிட்டது. சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே இவரும் சிரித்தார். இவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"இதைத்தான் எழுதணும்" என்றார் மனைவி.

டீயை மறந்து இருவரும் எழுத உட்கார்ந்தார்கள்.

இயக்குநர் முதலில் சீறினார். அந்த அம்மாள் விடவில்லை. "இது என் காட்சி சார். வரைஞ்சு ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா நானே வெட்டிடறேன்."

பென்சில் படங்களாகவே காட்சியை ஓட்டினார்கள். இயக்குநர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உம்மணாமூஞ்சி கடைசி வரிசையில் நகத்தைக் கடித்தார். கேப்டனின் உடலைக் கடலில் விட்டாகிவிட்டது. சமையல்காரன் வாசலுக்கு வந்து நின்றான். காத்திருந்தான். யாரும் கத்தவில்லை. மெல்லக் குனிந்து உள்ளே போனான். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அவன் நிமிர்ந்தான். உள்ளே தொங்கிய வாணலியில் ணங்கென்று முட்டிக்கொண்டான்.

முதல் சிரிப்பு முன்வரிசையிலிருந்து வந்தது. அடக்கமாட்டாத பெருஞ்சிரிப்பு. அது பாதியில் உடைந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிச்சப்புறம்தான்யா அவர் செத்துட்டாருன்னே உறைக்குது" என்றார் கம்மிய குரலில். பிறகு திரும்பாமலே, "அடுத்த சீசன்லயும் உங்க நாற்காலி அங்கயே இருக்கட்டும் சார்."

மறுநாள் காலை உம்மணாமூஞ்சி டீ போடப் போனார். அலமாரிக் கதவு திறந்துதான் கிடந்தது.

"தலை" என்றார் மனைவி. கல்யாணமாகி முதல் தடவையாக, சரியான நேரத்தில்.

காதில் விழுந்தது. இருந்தும் அவர் போய் லேசாக முட்டிக்கொண்டார்.