பசியே இல்லாத மீன்கள்

ஷெட் கதவைத் திறந்ததுமே அவள் தொட்டியிடம் ஓடினாள். தொட்டியில் இருந்த மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. போச்சுடா!

முன்பு கார் நின்ற ஷெட் அது. இப்போது ஒரு பக்கம் மீன் தொட்டி, மறுபக்கம் கூழாங்கல் நிரப்பிய தட்டுகளில் கீரை. மீன் கழிவு கலந்த தண்ணீர் கீரைக்கு உரம்; கீரை சுத்தம் செய்து அனுப்பும் தண்ணீர் திரும்ப மீனுக்கு. கொஞ்சம் இடம், கொஞ்சம் தண்ணீர், இரண்டு விளைச்சல். குடிநீர்ச் சோதனைக்கூட வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியபோது சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா! ஜனம் பெருகிக்கொண்டே போகிறது, எல்லோருக்கும் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று இவள் கேட்டால், "நீ ஒருத்திதான் உலகத்துக்கே ஆக்கிப் போடப் போறியா?" என்பார்கள்.

அன்று பிற்பகல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சமையல்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு இங்கிருந்துதான் கீரை. பிடிக்காவிட்டால் ஷெட்டுக்கு மறுபடி கார், இவளுக்கு மறுபடி பழைய வேலை. இப்படித்தான் கணவனிடம் அவளே வாயை விட்டுச் சொல்லியிருந்தாள்.

தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாள். சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. மீனை மூச்சுத் திணற வைக்கும் அம்மோனியா, அத்தனையும்! மிஞ்சிய தீனி அழுகினால்தான் இப்படி ஆகும். இவளோ காலையும் மாலையும் அளந்துதானே போடுகிறாள்? தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்குமோ என்று கீரைத் தட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு மெல்லத் திறந்தது.

டாக்ஸி ஓட்டும் கொழுந்தன். "ஐயோ பாவம், அண்ணி மறந்துட்டாங்க போல" என்று ஒரு பிடி தீனியை அள்ளி வீசிவிட்டு, அவள் நிமிர்வதற்குள் வண்டிக்கு ஓடினான். அவன் தலை மறைந்ததும் மாமியார் ரொட்டித் துண்டுகளோடு வந்தார். "வாயைப் பொளந்துகிட்டு நிக்குதுங்க. இவ போடறது எறும்புக்குக்கூடப் பத்தாது." அடுத்து வந்தது யார் என்கிறீர்கள்? கட்டின புருஷன். அந்த மனுஷன் தீனியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்!

அவள் விருட்டென்று எழுந்தாள். "நீங்களுமா!"

அவன் திருதிருவென விழித்தான். "இல்லம்மா... பசியில வாயைத் திறந்து காட்டுச்சு. மனசு கேக்கல."

"அது பசி இல்லைங்க! மூச்சு விட முடியாம தவிக்குது. நீங்க போடப் போட அது தவிக்குது, அது தவிக்கத் தவிக்க நீங்க இன்னும் போடறீங்க!"

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. யார் வாயைத் திறந்தாலும் கை சும்மா இருக்காத குடும்பம் இது. புதுப்பெண்ணாக வந்தபோது இவளையே தட்டு காலியாக விடாமல் படுத்தி எடுத்தவர்கள். ஆனால் திட்டிக்கொண்டிருக்க ஏது நேரம்? ஒரு போன் போட்டுக் கொழுந்தனையும் திரும்ப வரவழைத்தாள். தொட்டித் தண்ணீரில் பாதியைத் தோட்டத்துக்கு இறைத்தார்கள். டிரம்களில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளி வாளியாக மாமியார் உட்பட எல்லோரும் சுமந்து ஊற்றினார்கள். காற்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்தாள். மதியத்துக்குள் மீன்கள் கீழே இறங்கி நீந்தின. அப்பாடா!

சமையல்கூடத்து அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒரு கீரை இலையைக் கிள்ளி மென்று பார்த்தார். தண்ணீரை மோந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தார். ஆள் நிழல் பட்டதும் மீன்கள் பழக்கதோஷத்தில் மேலே வந்து வாயைத் திறந்தன.

"அடடா, பசிக்குது போல" என்று அவர் கைப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார்.

"போடாதீங்க!" நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பிஸ்கட் தரையில் விழுந்தது. பார்க்க வந்த பெரிய மனுஷியை இப்படியா அதட்டுவது? எல்லாம் முடிந்தது என்றே அவள் நினைத்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, காலையில் நடந்த கூத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வந்தவர் கேட்டுக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க கதையும் இதேதாம்மா. பிள்ளைங்க பசியோட இருக்குமேன்னு அள்ளி அள்ளி வைக்கிறோம். பாதி குப்பைக்குத்தான் போகுது. நெஞ்சு அடிச்சுக்குது, ஆனா போதும்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. கீரை வாரா வாரம் அனுப்புங்க. முதல் தடவை மட்டும் நீங்க நாலு பேருமே வந்து, எங்க ஆளுங்களைப் பார்த்து இதே மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டுப் போங்க."