பலகைக்குக் கை காட்டியவர்கள்

“கார் சாவியக் குடுப்பா” … கேட்டே விட்டாள் ஷோனா, சூப் கிண்ணத்தில் கரண்டியைப் போட்ட கையோடு, மர்டோ மாமாவும் பெக்கி அத்தையும் உட்கார்ந்திருக்கும் அவர்கள் வீட்டு மேசையிலேயே, எதை வேண்டுமானாலும் கேள் அதை மட்டும் உன் அப்பாவிடம் கேட்காதே என்று ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்திச் சொன்னாளே, அதையே. மேசைக்கடியில் அம்மாவின் ஷூ வந்து ஷோனாவின் கணுக்காலில் இடித்தது. இடிக்கட்டும். அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், தடவிக்கொண்டே இருந்தார், ரொட்டி முடிந்து தட்டின் விளிம்பிலும் வெண்ணெய் ஏறியது, இதை நான் ஒருத்திதான் பார்க்கிறேனா… இல்லை, பெக்கி அத்தையும் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அங்கே என்ன இருக்கிறது பார்க்க, மழை, இரண்டு நாளாய் விடாத அதே மழை, மலை எது ஏரி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பலாய். மர்டோ மாமாதான் சிரித்தார். “என்ன டூகல், கிளாஸ்கோவுல பட்டம் வாங்கினவளுக்கு டிரைவர் வேலை மேல ஆசை வந்துடுச்சா? ரத்தம் எங்க போகும்!” அப்பா இன்னும் பஸ் ஓட்டுகிற அதே டிப்போவில் ஓட்டி ஓய்வு பெற்றவர், எப்போதும் பேச்சை முடிக்கும் முன்பே சிரித்துவிடுகிறவர், இன்றைக்கு மட்டும் பேசி முடித்து, ஒருமுறை அம்மாவைப் பார்த்து, அப்புறம் சிரிக்கிறார். ஏன்?

ஏன் என்று கேட்கத் தொடங்கியது இப்போதல்ல, அந்த வாசலிலேயே. சாவியைக் கேட்காதே என்று ஒரு தாய் மெனக்கெட்டு நிறுத்திச் சொல்வாளா, லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாய்க் கேட்காதவளிடம்? அக்டோபர் லீவில் எதற்கு இந்தப் பயணம், கொட்டுகிற மழையில், வருடக்கணக்காய்ப் போகாத நண்பர்கள் வீடாகத் தேடித்தேடி? முதலில் வீட்டை விற்கப்போகிறார்களோ என்று நினைத்தாள், அப்புறம் இந்த வயதில் பிரியப்போகிறார்களோ என்று, அப்புறம் அம்மாவுக்கு ஏதாவது கட்டி கிட்டி … நேற்றுத் தங்கிய ஆங்கஸ் வீட்டில் அவள் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது, நின்ற வேகத்தில் எல்லாரும் அவள் வேலையைப் பற்றி விசாரித்தார்கள், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. காலையில் கிளம்பும்போது ஆங்கஸ், “நானும் அந்தப் பக்கந்தான் போறேன், என் பின்லைட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்துடு டூகல்” என்று தன் வண்டியில் முன்னால் போனார், மலை வளைவுகள் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார், எந்த வேலையும் இல்லாத ஆள் எந்தப் பக்கம் போகக் கிளம்பினார்? அம்மா வேறு. காரில் ஏறினால் தூங்குகிறவள், இந்த இரண்டு நாளும் வாய் ஓயவில்லை, “அட, ஆட்டைப் பாரேன், நடு ரோட்டுல நிக்குது கொழுப்பெடுத்தது”, “சிவப்பு வேன் வருது டூகல், தபால்காரனா இருக்கும்”, வண்டி ஓட்டும்போது பேசினால் சீறுகிற அப்பா அதையெல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் இன்று அந்தப் பலகை. ஏரிக்கரையில் ஒற்றை வண்டி போகிற பாதை, இருநூறு கஜத்துக்கு ஒரு ஒதுங்குமிடம், ஒவ்வொன்றிலும் கம்பத்தில் ஒரு வெள்ளைப் பலகை, எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க மற்றவர் கடந்து போவார், கடக்கும்போது இருவரும் ஸ்டியரிங்கிலிருந்து கை தூக்க வேண்டும், தூக்காதவன் மனிதனே இல்லை என்பார் அப்பா, பின்சீட்டில் கிடந்த ஷோனா பேசக் கற்பதற்கு முன்பே அந்தக் கையசைப்பைக் கற்றவள். அப்பா ஒதுங்கி நிறுத்தினார். வைப்பர் போய்ப் போய் வந்தது. எதிரே வண்டியே இல்லை. ஷோனா சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டிப் பார்த்தாள், அடுத்த ஒதுங்குமிடத்தின் வெள்ளைப் பலகைதான் மழையில் நின்றது, அப்பா அதற்கு வழிவிட்டுக் காத்திருந்தார். சொல்லேன் அம்மா, அது பலகை என்று சொல்லேன் … அம்மா பலகையைப் பார்த்துவிட்டு, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், “சரி, அவங்க நமக்காக நிக்கிறாங்க, நீ எடு” என்றாள். கார் நகர்ந்தது. பலகையைக் கடக்கும்போது அப்பா நன்றியாய்க் கை தூக்கினார். அம்மாவும் தூக்கினாள்.

அந்த இடத்திலேயே ஷோனா முடிவெடுத்துவிட்டாள். பெட்ரோல் பங்கில் அம்மாவை இழுத்து நிறுத்தி, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது, அவர் ஓட்டுறது பள்ளிக்கூட பஸ், உனக்குப் புத்தி இருக்கா என்றபோது அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, “கத்தாதடி. பென்ஷனுக்கு இன்னும் நாலே வருஷம். அந்த ரோடு அவருக்கு மனப்பாடம். நீ படிச்ச படிப்பு அந்த ஸ்டியரிங்லேருந்து வந்தது, அதை மறந்துட்டுப் பேசாத” என்றாள். மறக்க விட்டால்தானே, பட்டமளிப்பு அன்றும் இதையேதான் சொன்னாள், குடும்பத்தில் முதல் பட்டம், அதற்கு விலை வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கறுப்பு அங்கியைத் தொட்டிருக்கவே மாட்டேன். ரோடு மனப்பாடம், சரி, பிள்ளைகள் மனப்பாடமா? சாம்பல் நிற மழைக்கோட்டில், தலை மூடி, இருட்டு விலகாத காலையில் பஸ்ஸுக்கு நேரே ஓடி வருகிற பிள்ளைகள்?

“எதுக்கு சாவி?” என்றார் அப்பா. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நீ இன்னிக்கு ஒரு பலகைக்கு வழிவிட்டு நின்னப்பா. கையும் காட்டின.”

“ஷோனா!” என்றாள் அம்மா. அப்பா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தை நேராகத் திருப்பாமல், பறவை பார்ப்பதுபோல் ஒரு பக்கமாய்ச் சாய்த்து அம்மாவைப் பார்த்தார்.

“பலகையா அது, இஷ்பெல்?”

அம்மா தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“நீயும் கை காட்டினியே” என்றார் அப்பா. “பக்கவாட்டுல இருக்கறது எனக்கு நல்லாத் தெரியுது. நேர் எதிர்ல இருக்கறதுதான் … நீ காட்டினதப் பார்த்துத்தான் வண்டின்னு நம்பினேன்.”

ஆக, இத்தனை நாளும் இவள் கண்ணால் அவர் ஓட்டினார், இவள் பொய்யால் அவர் ஓட்டினார், இந்த மேசையில் சூப் குடிக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும், ஆங்கஸுக்குத் தெரியும், அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் … இல்லை, பொறு, அப்பாவுக்கு எவ்வளவு தெரியும்? அவர் பாக்கெட்டில் கைவிட்டுத் தேடவில்லை. மேசைக்கடியிலிருந்து கை வந்தது, விரித்தபோது சாவி அதிலேயே இருந்தது, எப்போதிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்? அவள் கேட்பதற்கு முன்பா? ஷோனா எடுத்துக்கொண்டாள், சூடாக இருந்தது. காரை வாசலுக்குக் கொண்டுவரக் கோட்டை மாட்டும்போது அம்மா பின்னாலேயே வந்து முழங்கையைப் பிடித்தாள். “கார் ஓட்டிக்கோ, வேணாங்கல. டிப்போவுல மட்டும் … சொல்லமாட்டேல்ல? எம் பொண்ணுல்ல?” ஷோனா கையை விடுவித்துக்கொண்டாள். சொல்லப்போகிறேன், இன்றைக்கே, ஊர் போய்ச் சேர்ந்ததும், உன் பெண் என்பதால்தான். கதவைத் திறந்தாள், குறுக்கே படுத்திருந்த நாயைத் தாண்டினாள், மழைக்குள் நடந்தாள்.

கார் கதவருகே வந்து உள்ளங்கையை விரித்தபோதுதான் கவனித்தாள், வளையத்தில் ஒரு சாவி இல்லை, இரண்டு. மஞ்சள் வில்லை கோத்தது பஸ் சாவி. சொந்தச் சாவியும் டிப்போ சாவியும் ஒன்றாகச் சேரக்கூடாது என்று ஆயுள் முழுக்க வேறுவேறு பாக்கெட்டில் வைத்திருந்த மனிதர். எது எதுவென்று பார்த்து எடுக்க முடியாமல் ஒன்றாகக் கோத்துக்கொண்டாரா, இல்லை, கேட்கிறவள் கேட்கும்போது இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றா … திரும்பிப் பார்த்தாள், சமையலறை ஜன்னலில் அப்பா நின்றார், முகத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்தபடி, அவள் நிற்கிற திசைக்குக் கையைத் தூக்கிக்கொண்டு.