பிழை பூஜ்யமாகும் வரை

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். வக்கீல் தொழிலில் இருக்கும் எனக்கு அது பெரிய தலைவலி. எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, "என் தங்கச்சியைப் பிடிச்சிருக்கா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "இதுவரைக்கும் பார்த்த அளவுல பிடிச்சிருக்கு" என்றவர் அவர். அந்த 'அளவுல'வை அண்ணன் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் வேலை அப்படி. தேசிய அளவியல் ஆய்வகத்தின் இயக்குநர். ஆஸ்பத்திரித் தராசும் பெட்ரோல் பம்பும் சரியா என்று பார்க்கும் கருவிகள் இருக்கின்றன அல்லவா, அந்தக் கருவிகள் சரியா என்று பார்க்கும் இடம் அது. இதைக் கேட்டு உங்களுக்குத் தலை சுற்றினால் பரவாயில்லை, அரசாங்கத்துக்கும் சுற்றியது. "தராசுதான் கடையிலேயே கிடைக்குதே, இதுக்கு எதுக்கு ஒரு ஆய்வகம்?" என்று மேலே யாரோ கேட்டுவிட்டார். இழுத்து மூடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கடைசி வாய்ப்பாக, நாடாளுமன்றக் குழு முன் வந்து பேசச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. "மூடிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "மூடிட்டா நாட்டுக்கே நேரம் சொல்ற எங்க கடிகாரத்தையெல்லாம் யாரு பார்த்துப்பாங்க?" என்றுதான் கேட்டார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

சாட்சிகளைத் தயார் செய்வதுபோல் சமையலறையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. 'சுமார்' கூடாது, 'ஏறக்குறைய' கூடாது. முக்கியமா, 'பிழை'ங்கிற வார்த்தை வாயிலேயே வரக் கூடாது."

"எதை அளந்தாலும் துளி பிழை இருக்கும். அது எவ்வளவுன்னு சொல்லாம விட்டா அது அளவே இல்லம்மா."

"அது உங்க ஆய்வகத்துல. குழு முன்னாடி பிழைன்னா தப்பு. தப்புன்னா விசாரணை. புரியுதா?"

தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

குழு கூடும் அறையில் நீளமான மேஜை, ஆளுக்கொரு மைக், யாரும் திறக்காத தண்ணீர் பாட்டில்கள். தலைவர் முன்னால் ஒரு மணி இருந்தது. யார் எது பேசினாலும் பாதியில் அதைத் தட்டுவார் என்பதால் ஊரெல்லாம் அவருக்கு 'மணியடி' என்று பெயர். அவருக்கு வலது பக்கத்தில் ஒரு பெண் உறுப்பினர், வெள்ளைப் பருத்திப் புடவை, எதற்கும் அசையாத முகம். நான் பார்வையாளர் வரிசையில், இவர் நாற்காலிக் காலுக்குக் கால் எட்டும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். "உங்க வீட்டுக் குழந்தைக்குக் குடுக்கற சொட்டு மருந்து சரியான அளவுல இருக்குன்னா, அது எங்க ஆய்வகம் இருக்கறதாலதான். இதை மூடிட்டா ஒவ்வொரு கருவியையும் வெளிநாட்டுக்கு அனுப்பிக் காத்துக்கிட்டு இருக்கணும்" என்றார். ஒரு உறுப்பினர் செல்போனைக் கீழே வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அப்போ உங்க ஆய்வகத்துக் கிலோ எடை ரொம்பச் சரியா இருக்கும், இல்லையா?" என்றார் தலைவர்.

'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நாற்காலிக் காலை உதைத்தேன். இவர் திரும்பி, "என்னம்மா?" என்று மைக்கிலேயே கேட்டார். பிறகு சொன்னார்: "சரிதாங்க ஐயா. ஆனா அதுல ஒரு சின்னப் பிழை இருக்கு."

மணியை நோக்கிப் போன தலைவரின் கை பாதியில் நின்றுவிட்டது. பாலம் இடிந்ததற்கு ஆற்றைக் குற்றம் சொன்ன அதிகாரிகளையும், கணக்கு உதைத்ததற்குக் கம்ப்யூட்டரைக் குற்றம் சொன்னவர்களையும் பார்த்தவர் அவர்.

"பிழை பண்ணேன்னு இந்த ரூம்ல ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார். குரலில் பாதி மரியாதை, பாதி பயம். "எவ்வளவு நாளா நடக்குது இது?"

"ஆரம்பத்துல இருந்தே நடக்குதுங்க. முன்ன பெருசா இருந்துது. எல்லாரும் சேர்ந்து பாடுபட்டுக் குறைச்சுக்கிட்டு வர்றோம்."

"மேலிடத்துக்குத் தெரியுமா?"

"வருஷா வருஷம் நாங்களே அச்சடிச்சு வெளியிடறோமே!" என்றார் இவர், சந்தோஷமாக.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வெள்ளைப் புடவை அம்மாள் தலைவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். தலைவர் முகம் சிவந்தது. மணியைத் தட்டினார்.

"பிழையும் பண்ணிட்டு, ஆய்வகத்தையும் மூடிட்டு நழுவிடலாம்னு பார்க்கறீங்களா? நடக்காது! பிழை பூஜ்யமாகும் வரைக்கும் ஆய்வகம் நடந்தே தீரணும். வேணும்கிற கருவியெல்லாம் வாங்கிக்குங்க. இதுதான் குழுவோட முடிவு."

இவர் எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "ஐயா, பூஜ்யம் ஆகவே ஆகாதுங்க!"

"எல்லா அதிகாரியும் சொல்ற சாக்குதான் இது. போய் வேலையைப் பாருங்க." மறுபடியும் மணி.

வெளியே நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பிழையாலயே பிழைச்சுட்டீங்க, சிரிங்களேன்" என்றேன். சிரிக்கவில்லை.

"ஒருத்தருக்குக்கூடப் புரியலையே. புரிஞ்சுக்கிட்டு 'வேணும்'னு சொல்லணும்னுதானே ஆசைப்பட்டேன்."

கேலி பேசிய எனக்கே பாவமாக இருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். வெள்ளைப் புடவை அம்மாள்.

"நான் அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி மருந்து கம்பெனியில தரம் பார்த்துக்கிட்டு இருந்தவ" என்றார். "பூஜ்யம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? 'பூஜ்யமாகும் வரைக்கும்'னு அவர் காதுல ஓதினதே நான்தான்."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையைக் கூப்பினார். கூப்பிய கையோடு, அந்த நேரத்திலும், சந்தேகம் கேட்டார்: "அப்போ நீங்க அவர்கிட்ட சொன்னது பொய்யில்லீங்களா?"

அந்த அம்மாளின் அசையாத முகம் அப்போதுதான் அசைந்தது.

"பொய்யா? பூஜ்யம் எப்போ ஆகும்னு அவர் கேட்கவே இல்லையே!"