ஆறரை மணி வெயில்

அப்பா தொலைபேசிக்கு வருவதை நிறுத்தி ஐந்து வெள்ளிக்கிழமைகள் ஆகிவிட்டன. கோணேஸ்வரன் கட்டாரிலிருந்து எடுக்கும்போதெல்லாம் திருகோணமலையில் அம்மா இராசமலர்தான் பேசினாள். அப்பா குளிக்கிறார், அப்பா கோயிலுக்குப் போயிட்டார், அப்பா இப்பதான் சரிஞ்சு படுத்தவர். முதல் இரண்டு கிழமையும் அவன் நம்பினான். மூன்றாம் கிழமை "ஆராம்?" என்று அப்பாவின் குரல் பக்கத்திலேயே கேட்டது. "தம்பி" என்றாள் அம்மா. கதிரை பின்னால் இழுபடும் சத்தம். பிறகு அம்மா, "அப்பா வெளிய போயிட்டார் மோனை" என்றாள்.

ஏன் வரமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் "அவரைக் கூப்பிடுங்கோ" என்று வற்புறுத்த வாய் வரவில்லை.

அது இரண்டாயிரத்து ஏழு, ஊரில் யுத்த காலம். இருபத்திரண்டு வயதில் கட்டாருக்கு வந்த கோணேஸ்வரன், குளிரூட்டி பொருத்தும் கம்பனியொன்றின் ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தான். ஊரில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்திருந்தான். அறையில் எட்டுப் பேர். யாருடைய லப்டொப்புக்கு வயர்லெஸ் வராவிட்டாலும் அவனிடம்தான் வரும். அரைவாசி நேரம் அவன் செய்வது, நிற்பாட்டித் திரும்பப் போடுவது மட்டும். அதை அவன் வெளியில் சொல்வதில்லை. அறையில் அவனுக்கு 'எஞ்சினியர்' என்று பெயர்.

திருகோணமலை லிங்கநகர் வீட்டுக்கு இணையம் எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். அந்த ஒழுங்கைக்குத் தொலைபேசிக் கம்பி வராது. ஆகவே மேசையில் வைக்கிற, ஆனால் கம்பியில்லாமல் கோபுரத்தோடு பேசுகிற தொலைபேசி ஒன்றை வாங்கி, அதை ஒரு வயரால் கணினியில் குத்தச் சொன்னான். வீட்டுக்குள் ஒரே ஒரு கோடுதான் சிக்னல் காட்டியது. "வெளிய அன்ரனா கட்டுங்கோ அப்பா. எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லம்" என்றான்.

அப்பா ஞானசேகரம் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மின்வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒரு காலைப்பொழுதில் கிணற்றடியில் இருபதடி இரும்புப் பைப்பை நிறுத்தி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் அன்ரனாவைப் பூட்டிவிட்டார். நாலு கோடு. மூன்று மாதம் வெள்ளிதோறும் அவர்கள் ஒருவரையொருவர் திரையில் பார்த்தார்கள். படம் உறைந்து உறைந்து வரும். அம்மா வாயை அரைவாசி திறந்தபடி ஒரு நிமிடம் அப்படியே நிற்பாள். அப்பா அயன் பண்ணிய சேட்டோடு, வங்கியில் படம் எடுக்கப் போனவர்போல இருப்பார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இணைப்பு வரவில்லை. கோணேஸ்வரன் அம்மாவின் கைத்தொலைபேசிக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலில் வைத்தான். இரண்டு கையும் லப்டொப்புக்கு வேண்டுமென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில், எஞ்சினியர் எப்படிப் பிழை பிடிக்கிறான் என்று அறை கேட்கட்டுமே என்ற ஆசை.

"அப்பா, கொம்பியூட்டரைப் போட்டிட்டீங்களோ?"

"போட்டிட்டன்."

"போன் வயர் பின்னால குத்தி இருக்கோ? அதைக் கழட்டி மற்ற ஓட்டையில குத்துங்கோ."

"குத்திட்டன்."

"இப்ப போன்ல எத்தினை கோடு நிக்குது?"

அப்பா கொஞ்சம் பிந்தி, "ஒண்டு" என்றார்.

"ஒண்டோ? நாலு நிண்டதெல்லோ! அப்ப அன்ரனாதான். ஒருக்கா வெளிய போய் அண்ணாந்து பாருங்கோ, எந்தப் பக்கம் திரும்பி நிக்குதெண்டு."

ஒரு இருமல் மட்டும்.

"அப்பா?"

"எனக்கு உதுகள் விளங்காது தம்பி."

"என்ன விளங்காது? நீங்கள் கட்டினதுதானே! போன்ல இருந்து வயரைப் பிடிச்சுக்கொண்டே போங்கோ, அது உங்களைக் கொண்டுபோய் விடும்."

அறையில் யாரோ கிளுக்கென்று சிரித்தான்.

"பக்கத்தில ஆரும் நிக்கினமோ?" என்று அப்பா கேட்டார்.

"என்ர றூம் பெடியள்தான். நீங்கள் முதல்ல வெளிய போங்கோ."

"இப்ப ஏலாது தம்பி. வெளிய வெயில்."

கட்டாரில் அப்போது பின்னேரம் நாலு மணி. திருகோணமலையில் ஆறரை. அறையில் எல்லாரும் ஊர் நேரத்தைக் கணக்குப் பார்த்தே நாளை ஓட்டுகிறவர்கள். ஒருவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"ஆறரை மணிக்கு என்ன வெயில் அப்பா!" என்றான் கோணேஸ்வரன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அது அவனுக்குத் தலைக்கேறியது. "முப்பத்தொரு வருசம் ஹாபரில என்னத்தை வேலை செய்தனீங்கள்? பல்ப்பு மாத்தினனீங்களோ? இஞ்ச பள்ளிக்கூடம் போகாத பெடியனுக்கும் ஒருக்காச் சொன்னால் விளங்குது. உங்களுக்குச் சொல்லுறதை அந்தக் கிணத்துக் கட்டுக்குச் சொல்லலாம்!"

அறை வெடித்தது. அந்தச் சத்தம் அப்படியே லிங்கநகர் வரைக்கும் போயிருக்கும்.

"சரி தம்பி. வைக்கிறன்" என்றார் அப்பா.

அடுத்த நாளே அது அறையின் பகிடியாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தல் தூக்கி வரச் சொன்னால், "ஏலாது, வெளிய வெயில்." குசினி கழுவும் முறை வந்தால், "வெளிய வெயில்." இராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்க அனுப்பினாலும் அதுதான். கோணேஸ்வரனும் சிரித்தான். இரண்டு தரம் அவனே சொல்லியும் இருக்கிறான்.

ஆறாவது வெள்ளிக்கு முதல் நாள், லீவில் போயிருந்த கலீலுர் றஹ்மான் திரும்பி வந்தார். திருகோணமலைக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக்காரர், கம்பனியின் லொறிச் சாரதி, அறையில் வயதில் மூத்தவர். எல்லாருக்கும் 'நானா', அண்ணன் முறை. அந்தத் தொலைபேசிக் கூத்து நடந்தபோது அவர் ஊரில் நின்றார். வந்ததும், லிங்கநகர் வீட்டில் அம்மா இராசமலர் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் கட்டிலில் வைத்துவிட்டு, "வா, கீழ போய் டீ குடிப்பம்" என்றார். அறையிலேயே கேத்தலில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

கடை வாசலில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் கேட்டார்: "ஒங்கட கிணத்தடிப் பைப்பு இப்ப எங்க இரிக்கி, தெரியுமா?"

"கிணத்தடியிலதானே நானா?"

"கட்டிலுக்குக் கீழ கிடக்கு. நாலு துண்டா."

விடிய இராணுவத்தின் சுற்றிவளைப்பு என்றார் கலீல் நானா. வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது, துறைமுகப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அந்த அன்ரனா. தொலைபேசிக் கோபுரம் அந்தப் பக்கம்தான் என்று யாரிடம் விளக்குவது?

"இது ஆரோட கதைக்கிற சாமான் எண்டு கேட்டானுகளாம். கட்டாரில இரிக்கிற மகனோட எண்டு சொல்லிரிக்கார். மகனோட கதைக்க இருபதடிப் பைப்பா எண்டு கேட்டுக் கூட்டிக்கொண்டு போய்ட்டானுகள். விளையாட்டு மைதானத்தில, காலம ஏழு மணியில இருந்து பின்னேரம் மூணு வரைக்கும். நிக்க வெச்சிரிக்கானுகள். தலையில துவாய் போடவும் விடல்லயாம்."

கோணேஸ்வரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பொறகு அவரையே ஏத்திக் கழட்ட வெச்சி, அவர்ட இரும்பறுக்கிற வாளாலயே அரியச் சொல்லிரிக்கானுகள். இப்ப திங்கக்கிழமையில காம்பில போய்க் கையெழுத்து வெக்கிறார்."

"இது எப்ப நானா? எந்தக் கிழமை?"

கலீல் நானா விரல் மடித்துக் கணக்குப் பார்த்துச் சொன்னார். ஒரு புதன்கிழமை. கோணேஸ்வரன் மற்றப் பக்கத்தால் எண்ணிப் பார்த்தான். எப்படி எண்ணினாலும் அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முந்தி. எட்டு மணித்தியாலம் வெயிலில் நின்ற மனிதர், பொய் சொல்லத் தெரியாமல் தடுமாறும்போது, நாக்கில் முதல் வந்த சொல் அது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"போனிலயா? என்னடா கதைக்கிறாய். எவன் கேட்டுக்கொண்டு இரிக்கானோ. என்னோட வாசல்ல நிண்டு கதைக்கக்குள்ளயும் அந்த மனிசன் அன்ரனா எண்ட சொல்ல எடுக்கல்ல. 'அந்தச் சாமான்' எண்டுதான் சொன்னார்."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"மகன் கெட்டிக்காரன், றூமுக்கே எஞ்சினியர் எண்டார். ஆனா ஒன்ட பேரை எடுக்கக்குள்ள முகம் ஒரு மாதிரிப் போச்சு. என்ன சொன்ன நீ?"

"ஒண்டுமில்லை நானா."

மேலே வந்தார்கள். கலீல் நானா ஒரு பெடியனிடம் தன் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். அவன் கட்டிலில் கிடந்தபடியே, "ஏலாது நானா, வெளிய வெயில்" என்றான். எல்லாரும் சிரிக்க, விளங்காமலே நானாவும் சிரித்தார்.

"என்னடா அது புதுக் கதை?"

"எங்கட எஞ்சினியற்ற அப்பான்ர கதை! ஆறரை மணிக்கு அன்ரனாவைப் பாக்கச் சொன்னால், வெளிய வெயிலாம்! இவன் குடுத்தானே ஒரு பேச்சு, கிணத்துக் கட்டு எண்டு…"

அவன் சொல்லி முடிக்குமுன்னமே கலீல் நானாவின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. அவர் கோணேஸ்வரனைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிச் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார்.

"இனிமேல் அதைச் சொல்லாதேங்கோடா" என்றான் கோணேஸ்வரன்.

"அட, நீதானே எங்களுக்குப் பழக்கினாய்?"

கோணேஸ்வரன் போய் நானாவின் பெட்டியைத் தானே இறக்கி வைத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பின்னால் தனியே போய் நின்றான். என்ன சொல்வதென்று முழுநாளும் யோசித்திருந்தான். 'எனக்குத் தெரியாது அப்பா' என்றால், எது தெரியாது? 'மன்னியுங்கோ' என்றால், எதுக்கு? எந்த வசனத்தைத் தொடங்கினாலும் அது அந்தப் பைப்பிலேயே போய் முட்டியது. அப்பா எதைச் சொல்லாமல் அவ்வளவு பேச்சும் வாங்கினாரோ, அதைத் தான் வாய் திறந்து போட்டுடைத்தால் பிறகு என்ன மன்னிப்பு?

அம்மாதான் எடுத்தாள். "அப்பா மோனை இப்பதான்…"

"அம்மா, அவர் பக்கத்தில இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். நான் தனிய நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. ஸ்பீக்கரில போடேல்லை எண்டும் சொல்லுங்கோ."

கதிரை முன்னால் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லு தம்பி."

நினைத்து வைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "அப்பா, அண்டைக்கு… உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. நான் வாங்கச் சொன்ன வயர்தான் பிழையாம். விசாரிச்சனான். அது அந்தப் போனுக்குப் பொருந்தாதாம்."

மூன்று மாதம் ஒழுங்காக வேலை செய்த வயர். ஒரு மின்வேலைக்காரருக்கு இதைவிடக் கேவலமான பொய் சொல்ல முடியாது. அவன் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான்.

"கலீல் தம்பி வந்து சேந்திட்டாரோ?" என்று கேட்டார் அப்பா.

"ஓம் அப்பா. நேற்று."

"ம்." என்றார் அப்பா. "வயர் பிழையெண்டால் ஆர் என்ன செய்யிறது."

"அண்டைக்கு அவ்வளவு பேருக்கும் முன்னால நான் உங்களை…"

"அதை விடு. அந்தப் போனைத் திருப்பிக் குடுத்திட்டன். ஆனா கொம்பியூட்டருக்குள்ள அதின்ர பேர் இன்னும் கிடக்கு. இல்லாத சாமானின்ர பேர் என்னத்துக்கு? எடுக்கலாமோ?"

"எடுக்கலாம் அப்பா. போடுங்கோ."

"போட்டுத்தான் இருக்கு."

கோணேஸ்வரன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "இடப்பக்கம் கீழ ஸ்டார்ட் எண்டு…" சொல் முடியுமுன்னம் சுட்டியின் 'டிக்' கேட்டது. "அதில கொன்ரோல் பனல்…" டிக். "அதுக்குள்ள போன் அண்ட் மொடம் எண்டு ஒண்டு…" இரண்டு டிக். அவன் வாய் திறக்குமுன்னம் மறுபடியும் ஒன்று. அப்பாவுக்கு வழி முழுக்கத் தெரிந்திருந்தது. அண்டைக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். அவனுடைய குரல் தானாகவே சிறுத்துக்கொண்டு போயிற்று.

"அதில பேரைத் தொட்டு, ரிமூவ்…"

"தொட்டிட்டன். உண்மையா எடுக்கிறதோ எண்டு கேக்குது."

கீழே தெருவில் லொறியொன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது.

"தம்பி?"

"ஓமெண்டு குடுங்கோ அப்பா."

டிக்.

"போயிட்டுது" என்றார் அப்பா. "வேறை?"

"வேறை ஒண்டுமில்லை அப்பா."

"சரி. வெள்ளிக்கு எடு. நான் வீட்டிலதான் நிப்பன்." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தினார். "திங்கள்ல மட்டும் எடாதை. அண்டைக்கு எனக்கு வெளியில ஒரு அலுவல்."

"தெரியும் அப்பா" என்றான் கோணேஸ்வரன்.

அப்பா உடனே வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. பிறகு தொலைபேசி அட்டையில் நிமிடம் முடிந்து, இணைப்புத் தானாகவே அறுந்தது.